சார்ஜ் போடறதுக்கு இருபத்தேழு விதி

உக்காருங்க, உக்காருங்க. அந்த சேர் ஆடுமுங்க, இதுல உக்காருங்க. உங்க வண்டி எத்தனை பர்சென்ட்ல நிக்குது? பதினாலா? அப்ப எனக்கு முடிஞ்சு, நீங்க மாட்டி, எண்பதுக்கு ஏறறதுக்குள்ள ஒன்றரை மணி நேரம் ஆயிருமுங்க. இங்க மாட்டறதுக்கு ரெண்டு சார்ஜிங் கன் இருக்குதுன்னு போன்ல காட்டும், நம்பாதீங்க. ஒண்ணு ரிப்பேராகி இருபது நாளாச்சு. நானே மூணு தடவ புகார் குடுத்துட்டேன். எழுத்து மூலமா.

ஊட்டுலயே ஒரு சார்ஜர் மாட்டிக்கலாமேன்னுதானே கேக்க வர்றீங்க? இங்க வர்ற எல்லாரும் கேக்கறதுதான். மாட்டிக்கலாமுங்க. ஆனா எங்க அப்பார்ட்மெண்ட்ல விதி இடம் குடுக்கலீங்க. மொத்தம் இருபத்தேழு விதி. நல்லா கெட்டியா எழுதுன விதிங்க, ஒரு ஓட்டை கெடையாது. யாரு எழுதுனதா? நான்தானுங்க எழுதுனேன். நான்தான் அங்க செயலாளர். பேரு சென்னியப்பன்.

மில்லுல டைம் ஆபீஸ்ல முப்பத்தொரு வருசம் இருந்தவன் நான். ரெண்டு நிமிசம் லேட்டா வந்தா அரை நாள் சம்பளம் போச்சு. மொதலாளியோட மச்சினனுக்கே ஒருக்கா அரை நாள் போட்டேன். அப்படி இருந்துட்டு ரிடையர் ஆகி வந்தா, பதினாறு வீடுங்க, ஒரு ரிஜிஸ்டர் இல்ல, ஒரு நோட்டீஸ் இல்ல, அவனவன் இஷ்டத்துக்கு செருப்ப வாசல்ல உடறான். சரி, நாம கையில எடுத்துத்தான் ஆகோணும்னு செயலாளர் ஆனேன். வீடு என்ற சம்சாரம் மரகதம் பேருல இருக்குது. அவ பிரதிநிதியா நான் இருக்கறனுங்க. அது ஒரு சின்ன விசயம், அத உடுங்க.

போன வருசம் ஆவணியில ஒரு நாள் காலைல பால் வாங்கிட்டு வர்றேன். கையில ரெண்டு பாக்கெட். பார்க்கிங்ல நடந்து போறப்ப எதுக்கோ திரும்பிப் பாத்தா, முழங்காலுக்குப் பின்னால ஒரு கார் நிக்குதுங்க. சத்தமே இல்ல. ஒரு பாக்கெட் கீழ உழுந்து ஒடஞ்சுபோச்சு. உள்ள யாருன்னு பாத்தா ரெண்டாவது மாடி திருமூர்த்தி. பம்ப் கம்பெனில வேலை, நாப்பது வயசு இருக்கும். கண்ணாடிய எறக்கிட்டு, “பாத்துங்ணா, எலக்ட்ரிக் வண்டிங்ணா, நேத்துதான் எடுத்தோமுங்ணா”ன்னு சிரிக்கறாரு.

நேத்து எடுத்திருக்கறாரு. எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தி, பூசை போட்டு, பதினஞ்சு வீட்டுக்கும் லட்டு குடுத்திருக்கறாரு. எங்க ஊட்டுக்கும் குடுத்திருக்கறாரு, நான் இல்லாத நேரத்துல, மரகதத்துகிட்ட. செயலாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு அந்தப் பாலப் பத்திக் கூட இல்லீங்க. முறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே.

அன்னைக்குப் பொழுதோட வந்து நிக்கறாரு. “அண்ணா, என்ற பார்க்கிங்ல ஒரு சார்ஜர் மாட்டிக்கறனுங்ணா, என்ற மீட்டர்ல இருந்தே லைன் எடுத்துக்கறேன்.” நான், “விதி இருக்குதுங்களா பாக்கோணும்”ன்னேன். விதி இல்லீங்க. விதி இல்லீன்னா எப்படி அனுமதி குடுக்கறது?

மின்சார ஆபீஸ்ல போய் விசாரிச்சேன். அங்க இருந்த இன்ஜினியர் தங்கமான மனுசன். “லோடு பத்துதான்னு பாருங்க, எர்த் சரியா போடுங்க, மத்தத உங்க சங்கத்துல பேசிக்கங்க”ன்னாரு. உங்க சங்கத்துல பேசிக்கங்க. கேட்டீங்களா? முழு அதிகாரத்தையும் தூக்கி எங்கிட்ட குடுத்துட்டாருங்க. வர்ற வழியிலயே ஒரு குயர் நோட்டு வாங்கிட்டு வந்துட்டேன்.

எட்டு நாள் எழுதினேன். நாலாவது விதி, பதினாறு வீட்டு உரிமையாளரும் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடோணும். யாரு வேணும்னாலும் காரணம் சொல்லாம மறுக்கலாம். ஏழாவது விதி, நாலு மணல் வாளி. ஒன்பதாவது விதி, சார்ஜரச் சுத்திப் பத்தடி தூரத்துல மஞ்சக் கோடு, சம்பந்தமில்லாத ஆளு அதத் தாண்டி வரக்கூடாது. பதினொண்ணுதான் முக்கியமான விதி. சார்ஜ் ஏறி முடியற வரைக்கும் வண்டியோட உரிமையாளர் பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்து கண்காணிக்கோணும். பன்னெண்டு, அப்படிக் கண்காணிக்கும்போது போன் பாக்கக்கூடாது. பெட்ரோல் பங்க்ல பாக்கக்கூடாதுன்னா இங்க மட்டும் பாக்கலாமா?

ராகு கால விதி என்னுது இல்லீங்க. மூணாவது மாடி ஜெயலட்சுமியம்மா சங்கக் கூட்டத்துல ஒரே புடியா நின்னுட்டாங்க, அது இருந்தாத்தான் மத்த இருபத்தாறுக்கும் கை தூக்குவேன்னு. சரின்னு பதினெட்டாவதா சேத்தேன். ராகு காலத்துல சார்ஜ் ஆரம்பிக்கக்கூடாது, ஆனா ஏற்கெனவே ஆரம்பிச்சது தொடரலாம். அதுக்குமேல நான் எறங்கி வரல.

இதப் படிச்சா அந்த ஆளு வண்டியவே வித்துப்போட்டு வருவாருன்னு நெனச்சேன். உண்மையச் சொல்லீர்றேன், அப்படித்தான் நெனச்சேன். திருமூர்த்தி நின்னுட்டே இருபத்தேழையும் படிச்சாரு. படிச்சுட்டு, “சரிங்ணா”ன்னாரு. அவ்வளவுதான். இந்த ஆளுகிட்ட எனக்குப் புடிக்காததே இதுதானுங்க. எதச் சொன்னாலும் சரிங்ணா. ஒரு மனுசன் கொஞ்சமாச்சும் எதுத்துப் பேச வேண்டாமா?

கையெழுத்து வாங்கவே ஆறு மாசம் இழுக்கும்னு இருந்தேன். ஒன்றரை மணி நேரத்துல பதினாறும் வாங்கிட்டாரு. எங்க ஊட்டுக் கையெழுத்து எப்படி வந்துதுன்னு பாத்தா, நான் உயிரோட இருக்கறேன்னு பென்சனுக்குச் சர்டிபிகேட் குடுக்க பேங்குக்குப் போயிருந்த நேரம், மரகதம் போட்டுக் குடுத்திருக்கறா. கேட்டா, “உரிமையாளர்னுதானே போட்டிருக்குது. நான்தானுங்க உரிமையாளர்”ங்கறா. காப்பி வேற போட்டுக் குடுத்திருக்கறா.

சரி, சார்ஜர் மாட்டியாச்சு. மஞ்சக் கோடு போட்டாச்சு. நாலு வாளி மணல் வந்தாச்சு. தெனமும் பொழுதோட அஞ்சரை மணிக்கு, ஞாயித்துக்கெழம மட்டும் ராகு காலம் முடிஞ்சு ஆறு மணிக்கு, வந்து வண்டில மாட்டிட்டு, பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்துக்குவாரு. எட்டரை ஒன்பது வரைக்கும். கையில போன் கெடையாது. நான் மேல பால்கனில நின்னு பாப்பேன். மொத ரெண்டு நாளு எனக்கு மனசுக்கு எதமா இருந்துதுங்க. மறைக்க மாட்டேன்.

மூணாவது நாளு என்னாச்சுன்னா, மொத மாடி பெரியவரு வாக்கிங் போயிட்டு வந்தவரு, இவரு சும்மா உக்காந்திருக்கறதப் பாத்துட்டு, “என்னப்பா, தனியா உக்காந்திருக்கறே?”ன்னு நின்னாரு. நின்னவரு உக்காந்துட்டாரு. அடுத்த நாளு இன்னும் ரெண்டு பேரு. போன் பாக்காம மூணு மணி நேரம் உக்காந்திருக்கற மனுசனை நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க? எல்லாரும் தேடி வந்துட்டாங்க. மகன் பேசறதில்லைன்னு ஒருத்தரு, முட்டி வலின்னு ஒருத்தரு. ஒக்காந்து கேக்கறதுக்கு ஒரு ஆளு, விதிப்படி எந்திரிச்சுப் போக முடியாத ஆளு. பத்தே நாள்ல அங்க பதினாலு சேர் ஆயிருச்சுங்க.

நான் டேப் எடுத்துட்டுப் போய் அளந்தேன். அத்தனை சேரும் பத்தடி ரெண்டு இன்ச்ல இருக்குது. நான் கோடு போட்டது தள்ளி நிக்கறதுக்குங்க. அது சேர் வரிசையாப் போடறதுக்குத் தோதாப் போச்சு. மூணாவது மணல் வாளில யாரோ கொத்தமல்லிய தூவி உட்டு அது மொளச்சு நிக்குது. கொத்தமல்லி தீயணைப்பு சாதனம் ஆகாதுன்னு நோட்டீஸ் போட்டேன். நோட்டீசுக்குக் கீழயே உக்காந்து ஜெயலட்சுமியம்மா கொத்தமல்லி கிள்றாங்க.

அப்புறம் மரகதம் போக ஆரம்பிச்சா.

அவ வெளியில போய்ப் பேசற ஆளே இல்லீங்க. பொழுதோட ஆனா டிவி முன்னால உக்காருவா, நான் பேப்பர் படிச்சு அதுல இருக்கற தப்ப எல்லாம் சொல்லுவேன், அவ ‘உம்’ கொட்டுவா. முப்பத்தாறு வருசமா அப்படித்தான். ஒரு நாளு வாழக்காய் பஜ்ஜி சுட்டா. எனக்கு ஒரு தட்டுல நாலு வெச்சுட்டு மிச்சத்த ஒரு தூக்குப்போசில போட்டு எடுத்துட்டுக் கீழ போயிட்டா. தெனமும் ஒரு ஊட்டுல முறை வெச்சுப் பலகாரமாமா. எனக்கு டீ பிளாஸ்க்ல இருக்குதுன்னா.

பிளாஸ்க் டீயக் குடிச்சுட்டு பால்கனில நிக்கறேன். கீழ இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வருதுங்க. நல்லா, மூச்சு முட்டற மாதிரி. யாரு இப்படிச் சிரிக்கறான்னு எட்டிப் பாத்தா மரகதம். முப்பத்தாறு வருசத்துல அந்தச் சிரிப்ப நான் கேட்டதில்லீங்க. கையில இருந்த பஜ்ஜிய அப்படியே தட்டுல வெச்சுட்டேன். பொறாமை எல்லாம் இல்லீங்க. நான் என்ன பொறாமைப்படறதுக்கு? பஜ்ஜி ஆறிப்போச்சு, அவ்வளவுதான்.

நீங்களும் போயிருக்கலாமேன்னு கேக்கறீங்க. எப்படிங்க போறது? விதி போட்டவனே போய் அங்க ஒரு சேரப் போட்டு உக்காந்தா விதிக்கு என்ன மரியாதை? ஒருத்தராவது வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா ரோசனை பண்ணியிருப்பேன். அந்தத் திருமூர்த்தி மட்டும் தெனமும் பால்கனியப் பாத்து, “அண்ணா, வாங்ணா”ன்னு கையாட்டுவாரு. என்னையக் கிண்டல் பண்றாராமா. நான் பாக்காத மாதிரி உள்ள போயிருவேன்.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. விருந்தாளியாப் போனாத்தான் மரியாதைக் கொறைவு. எனக்குன்னு ஒரு மின்சார வண்டி இருந்தா? எனக்குன்னு ஒரு சார்ஜர் இருந்தா? அப்ப பதினொண்ணாவது விதிப்படி நான் கீழ உக்காந்தே ஆகோணுமுங்களே. என்னைய யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. பழைய வண்டியத் தள்ளி உட்டுட்டு, அதோ நிக்குது பாருங்க, அத எடுத்தேன். பெங்களூர்ல இருக்கற பையன்கிட்ட, “சுற்றுச்சூழல் ரொம்பக் கெட்டுப்போச்சுப்பா”ன்னு சொல்லிட்டேன். அவனுக்கு ஒரே சந்தோசம்.

முறைப்படி விண்ணப்பம் எழுதினேன். ‘உயர்திரு செயலாளர் அவர்களுக்கு’ன்னு. அத நானே வாங்கி, ‘பெறப்பட்டது’ன்னு சீல் வெச்சு, எனக்கே ஒரு ரசீது குடுத்தேன். அப்புறம் படிவத்த எடுத்துட்டு ஊடு ஊடாப் போனேன். திருமூர்த்திதான் மொதல்ல போட்டாரு. “சரிங்ணா, ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்துக்கலாமுங்ணா”ன்னாரு. ஜெயலட்சுமியம்மா என்ற விண்ணப்பம் ராகு காலத்துல எழுதுனதா இல்லையான்னு நல்லா விசாரிச்சுட்டுப் போட்டாங்க. ரெண்டு நாள்ல பதினஞ்சு கையெழுத்து வந்தாச்சு.

பதினாறாவது எங்க ஊடு. மரகதம் அடுப்படில நின்னுட்டிருந்தா. படிவத்த நீட்டுனேன். கையத் தொடச்சு, வாங்கி, படிச்சுப் பாத்துட்டு, திருப்பிக் குடுத்துட்டா.

“நான் போட மாட்டேனுங்க.”

“ஏன்?”

“காரணம் சொல்லாம மறுக்கலாம்னு போட்டிருக்குதுங்களே. நாலாவது விதி.”

விதி அப்படித்தான் இருக்குது. ரெண்டு நாள் கழிச்சு வேற மாதிரி கேட்டுப் பாத்தேன். “ஏனுங்க, நீங்க கீழ வந்தீங்கன்னா பஜ்ஜிக்கும் ஒரு ரிஜிஸ்டர் வெச்சிருவீங்க”ன்னா. வெச்சா என்னங்க தப்பு? யாரு எத்தனை சாப்பிட்டாங்கன்னு தெரிய வேண்டாமா? அவ ஏன் அப்படிச் சொன்னான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலீங்க. ஒருவேளை எர்த் சரியில்லைன்னு பயப்படறாளோ என்னமோ.

அந்த விதிய மாத்தீர்லாமேங்கறீங்களா? எனக்கு வேணும்னு விதிய மாத்துனா நான் என்ன மனுசன்? மொதலாளி மச்சினனுக்கே அரை நாள் போட்டவன் நான்.

அதனால மூணு மாசமா இங்கதான் வர்றேன். பன்னெண்டு கிலோமீட்டர். ரெண்டு நாளைக்கு ஒருக்கா. நான் வண்டி ஓட்டறதே கம்மிங்க, சார்ஜ் கொறையவே மாட்டேங்குது. கொறையாம இங்க வந்து என்ன பண்றது? அதனால சூலூர் வரைக்கும் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு, கண்ணாடிய எறக்கி உட்டுட்டு ஏசியப் போட்டுக் கொஞ்சம் கொறைச்சுட்டு வர்றது. இங்க உங்கள மாதிரி யாராச்சும் வருவாங்க, அவங்க பேசிட்டிருப்பாங்க, நான் கேட்டுட்டிருப்பேன். எனக்குப் பேச்சுத்துணை எல்லாம் தேவையே இல்லீங்க. நான் கம்மியாப் பேசற ஆளு. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

சித்த இருங்க, போன் சத்தம் போடுது. மரகதம்தான். என்னமோ போட்டோ அனுப்பியிருக்கறா. என்ற கண்ணாடி வண்டிக்குள்ள இருக்குதுங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க, என்ன அது?

படிவமா? எந்தப் படிவம்? மேல ‘ஆட்சேபணை இன்மைச் சான்று’ன்னு போட்டிருக்குதுங்களா? கையெழுத்து? நல்லாப் பாருங்க, பதினாறாவது வரிசை. மரகதம்னா? நெசமா?

இருங்க. கையெழுத்து மட்டும் போட்டாப் பத்தாதுங்க. மறுக்கறதுக்குக் காரணம் வேண்டாம், ஆனா சம்மதிக்கறதுக்குக் காரணம் எழுதோணும். ஒவ்வொரு வரிசைக்கும் கடைசில ஒரு கட்டம் இருக்குது பாருங்க. எல்லாரும் அதுல ‘மின்சார வண்டி நாட்டுக்கு நல்லது’ன்னு எழுதியிருப்பாங்க, நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவ என்ன எழுதியிருக்கறா?

ஏனுங்க, போனத் திருப்பி நீட்டறீங்க? சத்தமாப் படிங்க. எதா இருந்தாலும் பரவால்ல.

‘தனியாப் போய் உக்காந்துட்டு வர்றாரு. பாவம்.’

அவ்வளவுதானா? பின்னால ஏதாச்சும் இருக்குதா? இல்லீங்களா?

இன்னொருக்கா படிங்க.

இது செல்லாதுங்க. அந்தக் கட்டத்துல மின்சாரம் சம்பந்தமான காரணம்தான் எழுதோணும். பாவம்ங்கறது எந்த விதியில வருது? செயலாளரா நான் இத ஏத்துக்க முடியாது. திருத்தி எழுதச் சொல்லித் திருப்பித்தான் குடுக்கோணும். திருப்பிக் குடுக்கறதுன்னா அப்படியே மெசேஜ்ல அனுப்பீர முடியாதுங்க, இருபத்திரண்டாவது விதிப்படி செயலாளர் நேர்ல போய் விளக்கிச் சொல்லோணும். மணி என்ன? அஞ்சு அஞ்சா? இப்ப அவ கீழ போறதுக்குக் கெளம்பிட்டிருப்பா. அவ எங்க இருக்கறாளோ அங்க போய்த்தான் விளக்கோணும், வேற வழியில்ல.

இல்லீங்க, எண்பது வரைக்கும் எல்லாம் நிக்கல. அம்பத்திரண்டு போதும், ஊடு போய்ச் சேந்துருவேன். நீங்க வந்து மாட்டிக்கங்க. இந்த விசயம் சொல்லிப் புரிய வெக்கறதுக்கு ரொம்ப நேரம் ஆகுமுங்க. மூணு மணி நேரம் கூட ஆகும். நின்னுட்டே முடியாது.

ஒரு உதவி பண்ணுங்க, போன் உங்க கையிலதானே இருக்குது. அதுல திருமூர்த்தின்னு இருக்கும் பாருங்க. ‘வர்றேன், ஒரு சேர் போட்டு வைங்க’ன்னு தட்டுங்க. ஆமா, அவ்வளவுதான். எத்தனையடின்னு எல்லாம் போட வேண்டாம். கீழ என்ற பேரு போடுங்க, சென்னியப்பன்னு. செயலாளர்னு வேண்டாமுங்க, பேரு மட்டும் போதும்.